சோப்பு டப்பாவும் ஒரு மாச ஊசியும்!

ஹாஸ்டல் பாத்ரூம்ல உங்க சோப்பு டப்பாவை என்னிக்காவது உத்துப் பார்த்திருக்கீங்களா பாஸ்? அடியில கொழகொழன்னு ஒண்ணு தேங்கி நிற்குமே... அதுக்கு ஒரு கௌரவமான பேர் உண்டு. லிக்விட் கிரிஸ்டல், அதாவது திரவப் படிகம். எல்.சி.டி. திரைக்குள்ள இருக்கிற சமாசாரத்துக்குத் தூரத்துச் சொந்தம்!

1888-ல் பிராக் நகரத் தாவரவியலாளர் ஃபிரெட்ரிக் ரைனிட்சர், கொலஸ்டிரால் சேர்மம் ஒன்றைச் சூடாக்கினார். 145.5 டிகிரியில் உருகியது, ஆனால் கலங்கலாக. 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. அந்தக் கலங்கல்தான் திரவப் படிகம். தண்ணி மாதிரி ஓடும். உள்ளே மூலக்கூறுகள் வரிசை கட்டி நிற்கும்.

சோப்பில் அந்த வரிசையை உண்டாக்குவது தண்ணீர். மூலக்கூறின் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு ஆகாது. நம் செல்களின் சவ்வில் இருக்கும் கொழுப்புக்கும் இதே குணம்தான்.

இதை மருந்தாக்கியது ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1991-ல் தொடங்கிய கேமுரஸ் கம்பெனி. சோயாவில் கிடைக்கிற பாஸ்பாடிடைல்கோலின், இன்னொரு கொழுப்பு, கொஞ்சம் கரைப்பான், கூடவே மருந்து. ஊசியில் இருக்கும்வரை எல்லாம் திரவம். தோலுக்கு அடியில் போனதும் உடம்பின் ஈரத்தை இழுத்துக் கூழாகிவிடும். கூழ் மெல்லச் சிதையச் சிதைய, மருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ஒரு ஊசி போட்டால் ஒரு வாரம். இன்னொரு வகையில் ஒரு மாசம்!

யாருக்கு இது? ஹெராயின் மாதிரி போதையிலிருந்து மீள்கிறவர்களுக்கு. உள்ளே இருக்கும் மருந்து புப்ரநார்ஃபின். வழக்கமாக நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், பலர் இதற்காகத் தினமும் மருந்துக்கடைக்குப் போய், ஊழியர் பார்க்க வாயில் போட்டுக்கணும். வேலையோ காலேஜோ, முதல்ல அந்தக் கவுன்ட்டர்ல நின்னாகணும். பின்னாடி வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் நின்னா எப்படி இருக்கும், யோசிங்க.

இந்த ஊசிக்கு ஐரோப்பிய யூனியன் 2018-லும் அமெரிக்கா 2023-லும் அனுமதி கொடுத்தன. ஆனா, இது விளையாட்டுச் சாமான் இல்லை. தோலுக்கு அடியில் கூழாவது வசதி; அதுவே ரத்தக்குழாய்க்குள் கூழானால் உயிருக்கே ஆபத்து. அதனால் மருத்துவப் பணியாளர்தான் போடணும். கவுன்சலிங்கும் வீட்டு ஆட்களின் ஆதரவும் கூடவே வேணும்.

போதையை விட நினைக்கிறவருக்கு ஒவ்வொரு விடியலும் ஒரு பரீட்சை. 'இன்னிக்கு மட்டும் மாத்திரை வேணாமே'ன்னு மனசு இழுக்கும். மாசத்துக்கு 30 தடவை ஜெயிக்க வேண்டிய அந்தச் சண்டையை இந்த ஊசி ஒரு தடவையாகக் குறைக்குது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே அதான்.

பி.ஃபார்ம் படிக்கிற தோஸ்துகளே, மருந்து எவ்வளவு நேரத்தில் கரையுதுன்னு லேப்ல அளந்துக்கிட்டு இருப்பீங்க. அதை எடுத்துக்கிறவரோட காலைப்பொழுது எப்படிப் போகும்னும் ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க!