சிம்பாங் பூலாய் சாலையில் ஒரு துப்பாக்கிக் கதை

ஈப்போவிலிருந்து தெற்கே பஸ் ஏறுகிறவர்களுக்குச் சிம்பாங் பூலாய் நன்கு தெரியும். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த சந்தி அது. கிழக்கே போனால் கேமரன் மலை; மேற்கே பத்து காஜா; தெற்கே கோப்பேங். 'சிம்பாங்' என்றால் சந்தி. 'பூலாய்' வேறொன்றுமல்ல, நம் ஏழிலைப்பாலை மரந்தான். மிருதுவான மரம், துப்பாக்கிக் கட்டைக்கு உதவாது.

துப்பாக்கிப் பேச்சு ஏன் வந்தது என்கிறீர்களா? கோப்பேங்கில் சுமத்திராவிலிருந்து வந்து குடியேறிய ராவா மக்கள் உண்டு. அவர்களின் பூர்வீகத்தை அடுத்த மினாங்கபாவ் நாடு, ஒரு காலத்தில் துப்பாக்கி செய்வதில் பெயர் பெற்றிருந்தது. திரியில் நெருப்பு வைத்துச் சுடும் அந்த நீண்ட துப்பாக்கியின் பெயர் 'இஸ்திங்கார்'. போர்த்துகீசியர் தந்த சொல். 'செனாப்பாங்' டச்சுக்காரர் தந்தது. 'பெடில்' என்ற மலாய்ச் சொல்லோ நமது 'வெடி'க்கு உறவு என்பர் மொழியறிஞர் சிலர்!

குழலை எப்படிச் செய்தார்கள்? 1783இல் சுமத்திரா வரலாறு எழுதிய வில்லியம் மார்ஸ்டன் அதைச் சொல்லியிருக்கிறார். தட்டையான இரும்புப் பட்டையை உருண்டைக் கம்பியின்மேல் சுருள் சுருளாகச் சுற்றி, ஒன்றாய் ஒட்டும்வரை அடிப்பார்களாம். நீளவாக்கில் மடித்து ஒட்டுவதைவிட இதுவே உறுதி என்று அவரே மெச்சுகிறார்.

அதே காலத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் கொல்லர்கள் நீண்ட துப்பாக்கிகள் செய்தார்கள். குழலுக்குள் சுருள் வரி வெட்டினார்கள். குண்டு சுழன்று நேராகப் பாய்ந்தது. அலையலையாய் ரேகை ஓடும் மேப்பிள் மரத்தில் கட்டை, அதில் பூவேலை, பித்தளை மூடியிட்ட சிறு பெட்டி. ஜெர்மனியில் பிறந்து லங்காஸ்டர் நகரில் தொழில் செய்த ஜேக்கப் டிக்கெர்ட், குழலின்மேல் தம் பெயரையும் பொறித்தார். பெயர் இருந்ததால் இன்றும் அவரை அறிகிறோம். இஸ்திங்கார் செய்த கொல்லர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

இது நமக்கும் பொருந்தும். பால்வெட்டும் கத்தி சற்று ஆழமாய் இறங்கினால் மரம் புண்ணாகும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர்கள் நம் பெரியவர்கள். அதுவும் ஒரு கைவினைதானே? ரப்பர் நின்ற இடங்கள் பல செம்பனையாகவும் வீடுகளாகவும் மாறிவிட்டன. வெட்டியவர் பெயர் எந்த மரத்திலும் இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் கத்தி கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அதனோடு கட்டி வையுங்கள். பேரப்பிள்ளைகள் படிக்கட்டும்.