பின்வரிசைக்காரர்களின் குரல்

திண்டுக்கல் பக்கத்து ஆத்தூர் போய்ச் சேரும்போது இரவு ஒன்பது. ஊரை ஒட்டிய பொட்டலில் தண்ணீர் தெளித்து மண்ணை அமுக்கி, சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். ஆட்டத்தைப் பார்க்க மட்டும் நான் வரவில்லை. கபடிக்கு மைக் பிடிக்கும் தம்பி ஒருவரைப் பார்க்க வந்தேன். அடுத்த வாரம் அவருக்குச் சென்னையில் செய்தி வாசிப்பாளர் தேர்வு. டிவி செய்திப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்று யாரோ சொல்ல, என்னைக் கூப்பிட்டிருந்தார்.

மேடையில் ஏறுமுன் நேரே ஆட்டக்காரர்களிடம் போனார். பனியன் நம்பரைக் கேட்டுக் கேட்டு நோட்டில் பெயர்களை எழுதிக்கொண்டார். “பேரத் தப்பாச் சொன்னா பய மனசு விட்ருவான்ணே.” நான் பார்த்த நல்ல தொகுப்பாளர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு.

ஆட்டம் தொடங்கியது. ஒரு ரைடுக்கு முப்பது நொடிதான். அதற்குள் கமிட்டிக்காரர் ஒருவர் சீட்டை நீட்டுகிறார், அன்பளிப்பு ஐந்நூறு ரூபாய். இன்னொருவர் காதோரம் குனிந்து, “அடுத்த டீமத் தயாரா நிக்கச் சொல்லுப்பா” என்கிறார். ஸ்கோர் எழுதுபவர் விரலைக் காட்டுகிறார். தம்பியின் கண் ரைடரை விட்டு அசையவில்லை. ரைடர் நடுக்கோட்டைத் தொட்டுத் திரும்பிய பிறகுதான் சீட்டு, அறிவிப்பு, ஸ்கோர் மூன்றும் ஒரே மூச்சில் வந்தன.

டிவியில் இதற்கு டாக்பேக் என்று பெயர். கட்டுப்பாட்டு அறையிலிருந்து தயாரிப்பாளர் காதுக்குள் பேசிக்கொண்டே இருப்பார். இருபது நொடி இருக்கு, விருந்தினரை முடி, பிரேக் போ. அதையும் கேட்டுக்கொண்டு, வாயில் ஓடும் வாக்கியம் அறுபடாமல், முகத்திலும் காட்டாமல் பேச வேண்டும். டெலிபிராம்ப்டர் பார்த்து வாசிப்பது சீக்கிரம் கைவந்துவிடும். காதில் கேட்டுக்கொண்டே பேசுவதற்கு மாதக்கணக்கில் திணறியவர்களை எனக்குத் தெரியும்.

வானொலியில் கதை வேறு. வர்ணனையாளர் அப்துல் ஜப்பார் 1980-இல் சேப்பாக்கத்தில் நடந்த தமிழ்நாடு–கேரளம் ரஞ்சி கிரிக்கெட் ஆட்டத்துக்கு வானொலியில் தமிழில் வர்ணனை செய்தார். வானொலி கேட்பவர் எதையும் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். டிவியில் படமே பேசும், எங்கே வாயை மூடுவது என்று தெரிந்திருப்பதுதான் அங்கே பெரிய வித்தை. கபடித் திடல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பின்னால் மதில் மேலும் டிராக்டர் மேலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்வரிசைத் தலைகள்தான் தெரியும். தம்பி பேசியது அவர்களுக்காக. “எடது மூலையில கால நீட்டுறாரு... போனஸ் கோட்டத் தாண்டியாச்சு... கணுக்கால்ல பிடி விழுந்துருச்சு!” மதில் மேலிருந்த பெண்கள் முன்வரிசையோடு சேர்ந்தே கத்தினார்கள்.

டிவியில் புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியது, அதில் தமிழ் தலைவாஸ் அணி 2017-இல் வந்தது. அதற்கு முந்தைய வருடமே டிஎன்பிஎல் கிரிக்கெட் ஆட்டங்களுக்காக நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானம் வரை கேமராக்கள் வந்துவிட்டன. ஆனால் மைக், பெரும்பாலும் ஆடி ஓய்ந்தவர்களுக்கும் சென்னையில் ஆள் தெரிந்தவர்களுக்கும்தான் போகிறது. விடிய விடியத் தொண்டை கிழியப் பேசும் இந்தத் தம்பிக்குக் கிடைப்பது சாப்பாடும், கமிட்டி மனம் வைத்தால் கொஞ்சம் பணமும். எனக்கு இதில் வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

ஃபைனல் முடிந்து கூட்டம் கலைந்தது. பக்கத்திலுள்ள காமராஜர் நீர்த்தேக்கத்தை வைத்து நோட்டில் இரண்டு வரி எழுதி, செய்தியாக வாசிக்கச் சொன்னேன். மலையில் மழை, நீர்மட்டம் உயர்வு, திண்டுக்கல் மக்கள் மகிழ்ச்சி. ழகரம் சுத்தம். ஆனால் பொட்டல் முழுக்கக் கேட்கிற குரலில் வாசித்தார். “மைக் சட்டையிலயே இருக்கும் தம்பி. எதுத்தாப்புல உங்க அம்மா மட்டும் உக்காந்திருக்காங்கன்னு நெனச்சுக்கங்க.” இரண்டாம் தடவை குரல் இறங்கியது, கூடவே உயிரும் இறங்கிவிட்டது. நோட்டை மூடிவைத்துச் சுக்குத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தார். மூன்றாம் தடவை தாளைப் பார்க்காமல், நிதானமாக, பக்கத்திலிருப்பவரிடம் பேசுவதுபோல் சொன்னார்.

சற்றுத் தள்ளி ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மைக்செட் பெரியவர் கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

“டேம்ல தண்ணி எத்தன அடி நிக்குதுன்னு சொல்லலையேப்பா?”