ஹலால் பலகையும் ஒரு தட்டு ரிசோட்டோவும்

முதல் ஊதியம் கைக்கு வந்ததும் மகள் எங்களைச் சென்னைக்கு அழைத்தாள். முத்துநகர் விரைவு ரயிலில் இரவு தூத்துக்குடியில் ஏறிய நாங்கள், மறுநாள் நண்பகல் ஓர் இத்தாலிய உணவகத்தில் அமர்ந்திருந்தோம். இளைஞர்கள் வரிசையில் நின்று இடம்பிடிக்கும் கடை அது. "முன்னாடியே ஃபோன் பண்ணிக் கேட்டுட்டேன் வாப்பா, ஹலால்தானாம்" என்றாள். நுழைவாயிலிலும் ஹலால் என்ற பலகை தொங்கியது.

சுவையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்பதை நாம் அறிவோம். கலமாரி என்ற பெயரில் வந்தது நம் ஊசிக்கணவாய்தான். அதை ஓரிரு நிமிடங்களில் இறக்கிவிட வேண்டும். அல்லது நெடுநேரம் வேகவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எடுத்தால் ரப்பராகிவிடும் என்பது எங்கள் கரையில் அடுப்படி பழகிய எவருக்கும் தெரியும். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

என் ஏமாற்றம் வேறு. மகள் ரிசோட்டோ கேட்டாள். அரிசியை வெண்ணெயில் வதக்கியதும் வெள்ளை ஒயின் ஊற்றுவது அந்நாட்டு வழக்கம் என்பதால் பரிமாறுபவரிடம் விசாரித்தேன். "எல்லாம் ஹலால் சார்" என்று பலகையைக் காட்டினார். மீண்டும் கேட்டபோது உள்ளே சென்று வந்தார். "கொஞ்சம் ஒயின் சேர்ப்பாங்க சார், சூட்டுல ஆவியாயிடும்" என்றார். முழுவதும் ஆவியாவதில்லை. கால் மணி நேரம் கொதித்த பின்னும் ஏறத்தாழ 40 சதவீதம் எஞ்சும் என்கிறது அமெரிக்க வேளாண்துறையின் அட்டவணை. எஞ்சாவிட்டால் மட்டும் கூடிவிடுமா என்ன? திராமிசுவில் சேர்த்திருப்பது என்ன என்ற கேள்விக்கு அவரிடம் விடையே இல்லை.

மகளின் முகம் வாடிவிட்டது. அவள் கேட்காமல் அழைத்து வரவில்லை. அவள் கேட்டது உணவைப் பற்றி. அவர்கள் சொன்னது இறைச்சியைப் பற்றி. கோழி அறுத்த விதம் சரியாக இருந்தால் சட்டியில் விழும் மற்றவை யாவும் சரி என்று அந்தக் கடை உண்மையாகவே நம்பியது. பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திராது.

காயல்பட்டினத்துக் களரிச் சாப்பாட்டில் எவரும் எதையும் கேட்பதில்லை. ஆடு அறுத்தவர் முதல் சஹனைக் கொண்டுவந்து வைப்பவர் வரை எல்லாரும் முகம் தெரிந்தவர்கள். நகரத்து உணவகத்தில் அந்த முகங்களின் இடத்தில் ஒரு பலகை மட்டுமே இருக்கிறது.

அதற்காக இத்தாலிய உணவே நமக்கு ஆகாது என்று எழுந்துவிடவும் மனம் வரவில்லை. 827-இல் தொடங்கி இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகச் சிசிலித் தீவு முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. பின்னர் வந்த நார்மானிய மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் அல்-இத்ரீஸீ 1154-இல் முடித்த நூல், பலெர்மோவுக்கு அருகிலுள்ள திராபியாவில் 'இத்ரிய்யா' என்னும் மாவு இழைகளைச் செய்து கப்பலேற்றியதைக் குறிப்பிடுகிறது. பாஸ்தாவைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் அது ஒன்று. திராமிசுவில் பலர் சேர்க்கும் மர்சாலா ஒயினின் பெயர்கூட அத்தீவின் ஒரு துறைமுகத்தின் பெயர்தான்; மர்ஸா என்றால் அரபியில் துறைமுகம். மதுவுக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள்!

இறுதியில் தக்காளியும் மொஸரெல்லாவும் இட்ட பீட்சாவோடு நிறுத்திக்கொண்டோம். அதற்கும் மகளே கேட்டாள். சமையலறையிலிருந்து ஓர் இளைஞர் பாலாடைக்கட்டிப் பொட்டலத்தையே எடுத்துவந்து காட்டினார். அன்று எங்களுக்குக் கிடைத்த ஒரே நேரான பதில் அதுதான்.

பொட்டலத்தில் எதைப் பார்ப்பது என்று பலர் கேட்கக்கூடும். பாலை உறையவைக்கும் ரெனெட், கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படுகிறது. நுண்ணுயிர்களைக் கொண்டும் தயாராகிறது. பச்சைப் புள்ளி இருந்தால் அது விலங்கிலிருந்து வந்ததன்று. இத்தாலியின் அசல் பார்மெசான் கன்றின் ரெனெட்டால்தான் செய்யப்பட வேண்டும் என்பது அதன் விதி. முறைப்படி அறுக்கப்படாத கன்றின் ரெனெட் ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களோ அனுமதிக்கிறார்கள். இரு மத்ஹபினரும் ஒரே மேசையில் அமரும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. பார்மெசான் தூவுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தூவிய பின் அதைப் பிரித்தெடுக்க இயலாது.