காக்கை வன்னியனின் வரவு

வன்னியில் ஆங்கிலேயரை எதிர்த்த தலைவன் பண்டாரவன்னியனின் கதையை மேடையேற்றுவோருக்கு மிகவும் சிரமம் கொடுக்கும் பாத்திரம் காக்கை வன்னியன். வீரனின் பாத்திரத்தைக் கதையே தூக்கி நிறுத்திவிடும். காட்டிக்கொடுத்தவன் என்று பெயரெடுத்தவனோ அப்படியல்ல. அவன் யாருடைய ஆள், எந்தக் கணத்திலிருந்து அப்படி ஆனான் என்பதில் பிரதி எழுதுபவரும் ஆட்டுவிக்கும் அண்ணாவியாரும் முதலிலேயே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

வரலாறு தரும் உதவி கொஞ்சம்தான். 1803 ஆகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரை வெளியேற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தது. அங்கே நாட்டப்பட்ட கல்லும் தோற்கடித்ததை மட்டுமே சொன்னது. அவன் அங்கே இறந்தான் என்றோ, யாரோ காட்டிக்கொடுத்தார் என்றோ அதில் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

அந்த இடைவெளியை ஊர்க்கதை நிரப்புகிறது. பண்டாரவன்னியனின் தங்கை நல்லநாச்சாளைக் காக்கை வன்னியன் விரும்பினான், அவள் மறுத்தாள், அந்த அவமானம் பகையாகி அவனை வெள்ளையரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது பலருக்கும் பழக்கமான வடிவம். காரணத்தை அரசியலில் தேடுவோரும் உண்டு. வன்னி ஒரே அரசனின் கீழ் இருந்த நாடல்ல, பற்றுகளாகப் பிரிந்து வன்னிமைகள் ஆண்ட நிலம். அயல் வன்னிமையின் வளர்ச்சியை அஞ்சிய ஒருவன் கடல் கடந்து வந்தவனோடு கூடியதைத் துரோகம் என்பதா, தன் பற்றைக் காக்கும் கணக்கு என்பதா என்று அவர்கள் கேட்கிறார்கள். மூன்றாவது கருத்து அடிப்படையையே அசைக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் தொகுத்த யாழ்ப்பாண வைபவமாலையில், யாழ்ப்பாண அரசன் சங்கிலியைப் பறங்கியரிடம், அதாவது போர்த்துக்கேயரிடம், காட்டிக்கொடுப்பவன் பெயரும் காக்கை வன்னியன்தான். யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது 1619இல். கற்சிலைமடுச் சண்டை அதற்கு 184 ஆண்டுகள் பிந்தியது. ஒரே ஆள் இரண்டு களத்திலும் நின்றிருக்க முடியாது. பழைய கதையின் துரோகி புதிய கதைக்குள் குடியேறியிருக்கக்கூடும்.

வரலாறாகப் பார்த்தால் இந்த மூன்றாவதுதான் வலுவானது. ஆனால் மேடையில், இல்லாத ஆளை நடிக்க முடியாது. அங்கே கைகொடுப்பது இரண்டாவது. காதல் தோல்வியை மட்டும் நம்பினால் பாத்திரம் எட்டப்பனின் அச்சில் விழுந்துவிடும். 1959இல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் படத்துக்குப் பின் அந்த அச்சிலிருந்து தப்புவது எளிதாக இருக்கவில்லை. முள்ளியவளை தந்த எழுத்தாளர் முல்லைமணி இக்கதையை நாடகமாக்கியதும் அடுத்து வந்த ஆண்டுகளில்தான்.

கூத்தாக ஆடும்போது சிக்கல் இன்னும் கூடும். கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் வரவுப் பாட்டோடுதான் களரிக்கு வரும். தான் யார், எத்தகையவன் என்று தானே பாடி ஆடும். கள்ளன் வரவிலேயே கள்ளன் என்று தெரிந்துவிடும். காக்கை வன்னியனின் வரவில் வஞ்சகத்தை வைத்துவிட்டால், அதன்பின் அவன் பேசும் நட்புச் சொல் எதையும் சபை நம்பாது; அவனை நம்பும் பண்டாரவன்னியன் ஏமாளியாகத் தெரிவான். வரவை ஒரு வன்னிமைக்குரிய மிடுக்கோடு, குறை சொல்ல இடமில்லாமல் அமைப்பதே சரி. மத்தளம் இரு வன்னியருக்கும் ஒரே கட்டில் ஒலிக்கலாம். பேச்சுக்கு வரும்படி அவன் பண்டாரவன்னியனை அழைக்கும் காட்சியில் ஓரக்கண் பார்வையும் சிரிப்பும் வேண்டாம். பிற்பாட்டுக்காரர் அவன் அடியை வாங்கிப் பாடும்போது ஒரு கணம் அவன் அசையாமல் நின்றாலே சபைக்குச் சந்தேகம் பிறந்துவிடும்.

இந்தச் சந்தேகத்தை வளர்ப்பதில் உலகெங்கும் வாசகருக்கு ஆர்வம் உண்டு. ஹாரி பொட்டர் வரிசையின் ஆறாம் நூல் 2005இலும் ஏழாம் நூல் 2007இலும் வந்தன. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் அக்கதையின் பாத்திரமான ஸ்னேப் எந்தப் பக்கம் என்ற வாதம் ஓயவில்லை. கடைசி நூலில் ஆசிரியரே விடை சொன்னார். காக்கை வன்னியனுக்கு அப்படியோர் ஆசிரியர் இல்லை. ஆகவே அவன் எந்தக் கணத்தில் மாறினான் என்பதை ஒவ்வொரு அண்ணாவியாரும் தம் ஒத்திகையிலேயே முடிவுசெய்கிறார். அதை நடிகனுக்கு மட்டும் சொல்லி, பண்டாரவன்னியனாக ஆடுபவனுக்குச் சொல்லாமல் வைப்பது நல்ல பலன் தரும்.