நான்காவது வால்வு

தங்கள் தோல்விகளை வெளியே சொல்லும் அரசு நிறுவனங்கள் நம் நாட்டில் குறைவு. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்பக் கழகம் சொல்லியிருக்கிறது. அதன் செயற்கை இதய வால்வு நான்காவது முயற்சியில்தான் தேறியது.

சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வுகளைக் கெடுத்துவிடும். நெரிசலான வீடுகளில் வளரும் ஏழைப் பிள்ளைகளே இதற்கு அதிகம் இரை. மாற்று வால்வு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலையோ எட்டாக்கனி. அறுவை சிகிச்சை தெரிந்த கை இருந்தது, பொருத்த வால்வு இல்லை.

உள்நாட்டிலேயே செய்துவிடுவதென்று கழகத்தின் இயக்குநர் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் முடிவெடுத்தார். மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஆஸ்பத்திரி. பூஜப்புராவில், திருவிதாங்கூர் அரச குடும்பம் தந்த அரண்மனையில் பொறியாளர்களின் பட்டறை. இரண்டுக்கும் ஒரே தலைமை. சொல்லப்போனால், வால்வைவிட இந்த ஏற்பாடுதான் பெரிய கண்டுபிடிப்பு.

இதயம் ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அத்தனை தடவையும் வால்வின் தகடு திறந்து மூட வேண்டும். முதல் மாதிரியில் பற்றவைத்த கம்பி சோதனையிலேயே முறிந்தது. இரண்டாவதில் செயற்கை நீலக்கல் தகடு டைட்டானியத்தைத் தேய்த்துத் தின்றது. உலோகத்தை மாற்றிய மூன்றாவது மாதிரி ஆட்டின் இதயம் வரை போனது. அங்கே நீலக்கல் உடைந்தது, ஆடு செத்தது.

ஆண்டுகள் ஓடிவிட்டன, பணமும் கரைந்தது. வார்டில் நோயாளிகள் காத்திருந்தார்கள். 'பரவாயில்லை, பொருத்திப் பார்ப்போம்' என்ற சபலம் யாருக்கும் எழக்கூடியதுதான். அவசரத்தின் விலை என்ன என்பதை அமெரிக்கா காட்டியிருந்தது. அங்கே புகழ்பெற்ற ஒரு வால்வின் கம்பி நோயாளிகளின் மார்புக்குள்ளேயே முறிந்து பலர் இறந்ததால், 1986இல் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

திருவனந்தபுரத்தில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இம்முறை தகடு பாலிஎதிலீன், செயற்கை இடுப்பு மூட்டில் பயன்படும் உறுதியான ரகம். ஆடுகள் பிழைத்தன. 1990 டிசம்பரில் முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. பிரஷர் குக்கருக்குப் பெயர்போன சென்னை டி.டி.கே. குழுமம் தயாரிப்பை ஏற்றது. இறக்குமதி வால்வைவிடக் கணிசமாக விலை குறைவு. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தியாகிவிட்டது. வலியத்தான் 2024 ஜூலையில், 90 வயதில் காலமானார்.

பட்டறையின் வேலை முடிந்தது. நோயாளியின் வேலை முடியவில்லை. வால்வில் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. குறைந்தால் கட்டி அடைக்கும், கூடினால் இரத்தம் கசியும். அளவு பார்க்க அடிக்கடி இரத்தப் பரிசோதனை. கூலிக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு நாள் சம்பளம், அத்துடன் பஸ் கட்டணம். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தப் பரிசோதனை செய்ய வழி உண்டா என்பதுதான் வால்வோடு வீடு திரும்புகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது.