நாற்பதுக்கும் பதினைஞ்சுக்கும் இடையில்

போன வருடம் இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் ஒரே கதைதான். பழைய பைபர் போட் ஒன்று வாங்க வேணும், அதுக்கு எத்தனை குதிரைவலு எஞ்சின்?

தொழிலுக்குப் போறது தம்பி. காசு போடுறது அக்காமார் நாங்கள் ரெண்டு பேர். ஒருத்தியின் சம்பளத்தில் எடுத்த வங்கிக் கடன், மற்றவளின் சீட்டுக்காசு, அடகு வைத்த அம்மாவின் காப்பு ரெண்டு. அறிவுரை அப்பாவுடையது. மாதகல் கடலில் முப்பது வருடம் வலை போட்டவர், முழங்கால் விட்டுக்கொடுக்காததால் இப்ப கரையோடு நிற்கிறார்.

தம்பிக்கு 40 வேணும். அவன் சொல்ற காரணமும் பிழையில்லை. வாரத்தில் மூன்று நாள் இரவில் இந்திய இழுவைப் படகுகள் வரும். 2017இல் இலங்கையில் இழுவைமடித் தொழிலைத் தடை செய்து சட்டம் வந்தது. ஆனால் இரவில் வாற இழுவைப் படகுக்கு எங்கட வலையின் மிதவை தெரியிறதில்லை. "அவங்கட வெளிச்சம் தெரிஞ்சவுடன ஓடிப்போய் வலையைத் தூக்க வேணும். பதினைஞ்சால ஊர்ந்து போய்ச் சேர, கயிறுதான் மிஞ்சும்" என்பான்.

அப்பாவுக்கு 15 போதும். "எண்ணெய்க்கு உழைக்கிறதோ, வீட்டுக்கு உழைக்கிறதோ?" என்று கேட்பார். 2022 ஆகஸ்ட்டில் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாய் ஆனதை எங்கள் கரையில் யாரும் மறக்கவில்லை. அன்றைக்கு எத்தனையோ வள்ளம் மணலில் கிடந்தது. நாங்கள் கொப்பியில் கணக்குப் போட்டோம். முழு வேகத்தில் 15 ஒரு மணித்தியாலத்துக்கு ஆறு ஏழு லீற்றர் குடிக்கும். 40 என்றால் இருபது லீற்றர் பக்கம் போகும். மெதுவாக ஓட்டினால் குறையும் என்று தம்பி சொன்னான். கையில் 40 இருக்க மெதுவாக ஓட்டுற தம்பி எந்த வீட்டில் இருக்கிறான் என்று நாங்கள் கேட்டோம்.

முதல் போட்டைக் குருநகரில் பார்த்தோம். வெள்ளையும் நீலமும், பின்னால் 40 எஞ்சின். உள்ளே இறங்கின தம்பியின் முகம் விரிந்துவிட்டது. வழமையாக இப்படியான போட்டில் குறுக்காக இருக்கிற இருக்கைத் தட்டுகள் இதில் இல்லை. அணியத்திலிருந்து பின்பலகை வரை ஒரே வெளி. வலையைக் குவிக்கலாம், ஐஸ் பெட்டி வைக்கலாம், ரெண்டு பேர் நின்று வலை இழுக்கலாம். "முந்தின ஆள் மூளைக்காரன், எல்லாத்தையும் வெட்டி இடம் எடுத்திருக்கிறான்" என்றான்.

அப்பா உள்ளே இறங்கவேயில்லை. விளிம்பில் கையை வைத்தபடி, "காத்துப் பெட்டி எங்க?" என்று மட்டும் கேட்டார்.

அதுவரைக்கும் அந்தத் தட்டுகள் இருக்கிறதுக்கு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவை மூடிய பெட்டிகள். உள்ளே காற்றோ நுரையோ இருக்கும். போட்டுக்குள் தண்ணீர் நிறைந்தாலும் அடியில் போகாமல் மிதக்க வைக்கிறது அவைதான். கண்ணாடிநார் தண்ணீரை விடப் பாரமானது. பெட்டியை வெட்டினால், எஞ்சினின் பாரமும் சேர்ந்து கல்லுப்போல இறங்கிவிடும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஒரு கதை சொன்னார். எங்களுக்கு முதல் தடவை. சமாதான காலத்தில் ஒரு வாடைக்காற்று இரவு பின்பக்கத்தால் அலை ஏறி அவருடைய போட் நிறைந்துவிட்டதாம். மூன்று பேர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடியும் வரை கிடந்திருக்கினம். "போட் தண்ணி மட்டத்தில நிண்டது. பெட்டி ரெண்டும் தாங்கினது. அம்மாவுக்கு எஞ்சின் பழுது எண்டுதான் சொன்னனான்." தம்பி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

எஞ்சின் ஒரு கேள்வி, உள்ளே இருக்கிற இடம் வேறொரு கேள்வி என்று பிரித்து வைத்திருந்தோம். ரெண்டும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. 15 எஞ்சின் நாற்பது கிலோவுக்குக் கிட்ட, 40 எழுபது கிலோவைத் தொடும். பின்பலகையில் அந்தப் பாரம், அதுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கான், பிடியைப் பிடிக்கிற ஆள், ஈர வலை எல்லாம் சேர்ந்தால் பின்பக்கம் தாழும். தாழ்ந்த பின்பக்கத்தால்தான் அலை ஏறும். பெரிய எஞ்சின் எடுத்தால் வலையை முன்னுக்குத் தள்ள வேணும், தள்ளினால் நின்று இழுக்கிற இடம் போய்விடும்.

ரெண்டாவது போட் மயிலிட்டியில். நிறம் மங்கல், நீளம் ஒரு முழம் குறைவு, பெட்டிகள் அப்படியே. பின்னால் 25 எஞ்சின். இந்த முறை தெரிந்த மெக்கானிக் அண்ணா ஒருவரையும் கூட்டிப்போனோம். அவர் பின்பலகையைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். 'டக் டக்' என்றால் நல்லது, 'தொப்' என்று மந்தமாகக் கேட்டால் ஆணித் துளையால் தண்ணீர் போய் உள்பலகை உக்கிவிட்டது என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றி ரெண்டு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளந்தார், ரெண்டும் கிட்டத்தட்டச் சமன். கியர் எண்ணெயை வடித்துப் பார்த்தார். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, வேண்டாம் என்று திரும்பியிருப்போம். அது கறுப்பாகவே வந்தது. கடைசியாக எஞ்சினை ஓடவிட்டு, குளிர்த்துற தண்ணீர் ஒழுங்காகப் பீச்சுதோ என்று பார்த்தார்.

விலை பேசினோம். 25 யாருக்கும் முழுச் சந்தோஷமில்லை. அப்பாவுக்கு அது பத்துக் கூட, தம்பிக்குப் பதினைஞ்சு குறைவு. காசில் மிஞ்சினதுக்கு ரெண்டு உயிர்காப்பு அங்கி வாங்கினோம். "இதைப் போட்டா வலை இழுக்கேலாது அக்கா" என்றான். "இழுக்காத நேரம் போடு" என்றோம்.

இதோடு கதை நன்றாக முடிந்தது என்று எழுதத்தான் ஆசை. மார்கழியில் ஒரு இரவு அவன் வெளிச்சத்தைக் கண்டு ஓடினான். போய்ச் சேர முன்னம் பாதி வலை போய்விட்டது. விடிய வந்து ஒரு சொல்லும் சொல்லாமல் எஞ்சினைக் கழுவினான். அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. 40 இருந்திருந்தால் அந்த வலை மிஞ்சியிருக்குமோ? இருக்கலாம். அந்தக் கடனில் பாதி இன்னும் எங்கள் தலையில்தான்.

ஆனால் அந்த இரவு காற்றும் கடுமையாக இருந்தது. போட் திரும்பி வந்தது, அவனும் வந்தான். இப்ப ஞாயிறுகளில் வலை பொத்தி முடிய, தம்பி ஒவ்வொரு பெட்டியாகக் கையால் தட்டிப் பார்க்கிறான். பார்க்கச் சொல்லி நாங்கள் சொன்னதில்லை.