ஊத்துத் தண்ணி

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்தில் பிறந்து வெளியூரில் பிழைக்கப் போனவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலாறு கரைபுரண்டு நாம் பார்த்த நாட்கள் சொற்பம். நமக்கு ஆறு என்றால் மணல்தான். தண்ணீர் அதற்கு அடியில். பங்குனி வெயிலிலும் முழங்கை ஆழம் தோண்டினால் கசியும். முதலில் ஊறும் கலங்கலைக் கொட்டாங்கச்சியால் இறைத்துவிட வேண்டும். அடுத்த ஊறலையும் இறைக்க வேண்டும். அதற்கப்புறம் தெளியும்வரை ஆயா எங்களைக் கிட்டே விடமாட்டாள். "கலக்காதடா, ஊத்து கோச்சிக்கும்" என்பாள். தெளிந்த பிறகு ஒன்றிரண்டு மணல் துகள் அடியில் துள்ளுவது தெரியும். அந்தத் தண்ணீரில் பருப்பு எவ்வளவு சீக்கிரம் வெந்தது!

தோல் பதனிடும் ஷாப்புகள் அப்போதும் இருந்தன. ஆவாரம்பட்டை வண்டி வண்டியாக வந்து இறங்கும். பட்டையின் துவர்ப்பும் கடுக்காய் வாடையும் சுண்ணாம்புக் குழியின் வீச்சமும் மழைக்கு முந்தைய காற்றில் தெருவுக்குள் வரும். தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். மேஸ்திரி பாய் தோலை மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்திப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் ஊறட்டும்" என்பார். அவசரம் என்பதே அவரிடம் கிடையாது.

1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. அதன் பிறகு பட்டைக்குப் பதில் குரோமியம் உப்பில் பதனிடுவது பரவியது. வாரக்கணக்கு வேலை ஒரு நாளில் முடிந்து, தோல் நீலமாக வெளியே வந்தது. போட்ட குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாது, கழிவோடு ஓடும். பச்சைத்தோல் அழுகாமலிருக்கத் தூவிய உப்பும் கூடவே போகும். பாயின் பட்டைக் கிடங்கு காலியானது. அந்த ஷாப்புகள்தான் எங்கள் தெருவுக்குச் சோறு போட்டன. அதனாலேயே யாரும் வாய் திறக்கவில்லை.

கிணறுகள் கரித்தன. நெல் போனது, பிறகு தென்னையும். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையில் லட்சம் டன்னுக்கு மேல் கழிவு குவிந்து, மழைக்கெல்லாம் மஞ்சளாய்க் கசிந்தது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் பாலாற்றுக்காக அதையே மறுபடி சொல்ல நேர்ந்தது.

ஆம்பூர்க்காரர்கள் குடிக்க இப்போது மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது.